டைகரும் கங்காணியின் சாக்கும்

என் நாய் டைகருக்கு உதிர்ந்த ரோமம் மறுபடி முளைத்துவிட்டது. செமிலிங் ரப்பர் தோட்டத்தில் யாரும் நம்பாத காரியம்.

"சொறி நாயை அடிச்சுப் புதைச்சிரு லா. ஜப்பான்காரன் பார்த்தா சுட்டுருவான்" என்று கங்காணி என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

காது மடலைத் தேய்த்தால் டைகரின் பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கும். அதை வைத்தே தோலுக்குள் பூச்சி என்று கண்டுகொண்டேன். ரப்பர் மரத்துக்குத் தூவும் கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினேன். ஆறியது, திரும்பவும் வந்தது. மறுபடி பூசினேன், மறுபடி வந்தது.

கடைசியில்தான் அவன் படுக்கும் சாக்கின் மேல் சந்தேகம் விழுந்தது. அதையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். அதன்பின் சொறி எட்டிப் பார்க்கவில்லை.

இன்று காலை கங்காணியே இடுப்பைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த நாய் மருந்து மிச்சம் இருக்கா?"

"இருக்கு அண்ணே. ஆனா முதல்ல சாக்கைக் கொதிக்க வைக்கணும்."

"எந்தச் சாக்கு?"

துணியே கிடைக்காத இந்த ஜப்பான்காரன் ஆட்சியில் அவர் இடுப்பில் கட்டியிருந்ததும் சாக்குதான். அதைக் காட்டினேன்.

அவரிடம் இருப்பது அது ஒன்றுதானாம். காயும்வரை கட்டிக்கொள்ள, உங்களில் யாரிடமாவது மாற்றுச் சாக்கு இருந்தால் சொல்லுங்கள். டைகரிடம் சுத்தமானது ஒன்று இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன், உறுமுகிறான்.