மலைமுனையில் நான்கு மஃப்ளர்கள்

எங்கள் வீட்டில் யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. பூனாவை ஒட்டிய கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ரேஷன் வாங்குவதும் சைக்கிள் துடைப்பதும்தான். அதனால், விடியுமுன் லோனாவ்லா மலைமுனைக்குப் போகிறோம் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நான் மலை பார்க்கப் போனேன். அப்பாவும் அம்மாவும் அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் காட்டப் போனார்கள்.

எங்களைப் போன்ற குடும்பங்களில் அன்று அப்படியொரு வழக்கம் இருந்தது. பம்பாய்த் தமிழர்களும் பூனாத் தமிழர்களும் பாதி வழியில், எதேச்சையாகச் சந்திப்பதுபோல் சந்தித்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய் வேண்டாம் என்று சொல்லியனுப்புகிற அவமானம் இதில் இல்லை.

அக்காவை ஏற்கெனவே பல பேர் அப்படி வேண்டாம் என்றிருந்தார்கள். அவள் கழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு வெண்திட்டு இருந்தது. பிறந்தது முதல் பார்த்து வந்ததால் எனக்கு அது அவளுடைய மூக்கு, காது போல. அம்மா மட்டும் அதன் பெயரைச் சொல்லமாட்டாள். 'அது' என்பாள்.

டிசம்பர் மாதத்தையும் விடியற்காலையையும் அப்பா தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். மலைக் குளிரில் கழுத்தைச் சுற்றிக்கொண்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அக்கா மட்டும் சுற்றியிருந்தால் கண்ணில் படும் என்று நான்கு பேருக்கும் ஒரே மாதிரி பழுப்பு மஃப்ளர் வாங்கி வந்தார். எனக்கோ கிரிக்கெட் அணிச் சீருடை கிடைத்த பெருமை.

முதல் லோக்கல் ரயிலில் போய் ஜீப்பில் மேலே ஏறினோம். பள்ளத்தாக்கு இருக்கவேண்டிய இடத்தில் மூடுபனி. கம்பித் தடுப்புக்கு அப்பால் உலகமே இல்லை. பட்டுப்புடவையில் அக்கா நடுங்கிக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

"அரே! நீங்களா? என்ன இந்தப் பக்கம்?" என்று அப்பா சத்தம் போட்டார். அவர்களை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"சும்மாதான். புள்ள மலை பாக்கணும்னு சொன்னான், கூட்டினு வந்தோம்" என்றார் பம்பாய்க்காரர். புள்ளைக்கு அடர்ந்த மீசை இருந்தது.

விரிப்பைப் போட்டு இட்லி சாப்பிட்டோம். அந்த இளைஞர் அக்காவிடம் ஏதோ கேட்டார், அவள் சொன்ன பதிலுக்குச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவு நம்பிக்கையை அந்த முகத்தில் நான் பிறகு பார்த்ததில்லை.

"ஒண்ணுமே தெரியலப்பா. எப்ப வெயில் வரும்?" என்று நான் நச்சரித்தேன்.

"வர்றப்ப வரும். சும்மா இருடா."

வந்தது. எங்கள் முதுகுப் பக்கமிருந்து ஏறியது. பனி திரைதிரையாக விலகி, அடியில் காடும், அதன் நடுவே ஓர் ஓடையும், எங்களுக்குக் கீழே பறந்த பருந்தின் முதுகும் தெரிந்தன. நான் குதித்துக் கைதட்டினேன். மெல்ல வெயில் உறைக்கத் தொடங்கியது. வந்தவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். நானும் மஃப்ளரைக் கழற்றப்போனேன். அம்மா என் தொடையில் கிள்ளி, திரும்பச் சுற்றிவிட்டாள். நெற்றியில் வியர்வை வழிய, அப்பா தன்னுடையதை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"என்னம்மா, இந்த வெயில்ல? கழட்டேன், வேர்க்குது பாரு" என்றார் அந்த இளைஞரின் அம்மா.

"அவளுக்குச் சளிங்க" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் எங்கள் நால்வரையும் வரிசையாகப் பார்த்தார். "குடும்பத்துக்கேவா?"

அப்பா சிரிக்க முயன்றார்.

"சளி இல்லீங்க" என்றாள் அக்கா. மஃப்ளரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து மடியில் வைத்தாள். பிறகு தலை குனியாமல் அந்த இளைஞரை மட்டும் பார்த்தாள். அவர் பள்ளத்தாக்கைப் பார்க்கத் தொடங்கினார்.

இட்லி நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அவர்கள் எழுந்து போனார்கள்.

திரும்பும் லோக்கலில் அம்மா ஒரே ஒரு முறைதான் பேசினாள். "கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதாடி?"

"எவ்ளோ நேரம்மா? தாலி கட்டற வரைக்குமா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை. எனக்குப் பருந்தின் முதுகைப் பார்த்த சந்தோஷம் அடங்கவில்லை.

"அப்பா, அடுத்த தடவை எப்பப்பா வருவோம்?"

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "இனிமே வர வேண்டாம்டா."

அவ்வளவு அழகான இடத்துக்கு ஏன் போகக் கூடாது என்று எனக்குக் கோபம் வந்தது. அவளைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, கட்கி வரும்வரை அவளோடு பேசாமல் வந்தேன். அந்தப் பெட்டியில் அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட மூன்றாவது ஆள் நான் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.