ஐந்தாவது குப்பி

என் அம்மா கைத்துப்பாக்கி சுடுவாள் என்று சொன்னால் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை. சொன்ன மறுகணமே நானும் பயந்துபோய், "விளையாட்டுக்குத்தான், கடதாசி அட்டைக்குத்தான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்வேன். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மொன்றியலில், வில்லரேயில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பத்து வயது.

கீழே வீட்டுக்கார மதாம் இருந்தார். கணவர் இறந்தபின் தனியாள். அவருடைய நிலக்கீழ் அறையில் ஒரு மரப்பெட்டி நிறையக் கணவர் விட்டுப்போன கைத்துப்பாக்கிகள் துருப்பிடித்துக் கிடந்தன. நூறு வருடத்துக்கும் மேல் பழையவை. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, எண்ணெய்ச் சீலைத் துண்டில் ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கி, பின்பக்கம் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றைச் செருகினால் ஒரு வெடி. ஒன்றே ஒன்றுதான். அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மதாமின் விரல்கள் வாதத்தால் மடங்கிவிட்டன. சின்ன ஆணிகளைக் கழற்ற முடியாது. அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை செய்பவள். இருட்டிலும் ஊசியில் நூல் கோப்பாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லக் கீழே போனவள் ஒரு மணித்தியாலம் கழித்து விரலெல்லாம் துருவோடு திரும்பி வந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் இரண்டுபேருமாக ஒரு துப்பாக்கியைப் பிரித்து, துருவெடுத்து, மரப்பிடிக்கு எண்ணெய் ஊட்டினார்கள். முதலில் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். ஒரு மாதத்தில் நான் தேவைப்படவில்லை. பொறு, கவனம், இன்னும் கொஞ்சம் என்பதையெல்லாம் கையாலேயே சொல்லிக்கொண்டார்கள்.

சீலைத் துண்டுக்கு மதாம் பூசும் கொழுப்பை அம்மா மணந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மேலே வந்து நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனாள். மதாம் சிரித்தார். சுட்டுப் பார்த்தபின் சிரிக்கவில்லை. வசந்தம் வருவதற்குள், மதாம் அம்மாவைக் கூட்டிப்போய்ச் சுடப் பழக்கிய சுடுகழகத்துக்காரர் நாலைந்து பேர் அந்த எண்ணெய் கேட்டார்கள். அம்மாவுக்கு 'மதாம் செசாம்' என்று பட்டமும் வைத்தார்கள். செசாம் என்றால் எள்ளு.

அப்பா டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் இரவு முழுக்கக் கோப்பை கழுவிவிட்டுப் பகலில் தூங்குபவர். எங்கள் அகதி கேஸ் அப்போது முடிந்திருக்கவில்லை. கதவு தட்டுப்பட்டால் அப்பா முதலில் யன்னலைப் பார்ப்பார். அவரைப் பார்த்து நானும் பார்ப்பேன். எனக்குப் பயம் அவர் வழியில் வந்த சொத்து.

கழகத்தின் வசந்தப் போட்டிக்கு மதாம் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்த அன்று வீட்டில் சண்டை.

"இஞ்சாரும், உமக்கென்ன விசரே?"

"கடுதாசிக்குத்தானேப்பா சுடுறன். கடுதாசிக்கு நோகுமே?"

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள் எண்டு கேஸில எழுதிக் குடுத்துப்போட்டு, இஞ்சை துவக்கோட நிண்டு பல்லைக் காட்டுறதே? வெண்ட ஆளின்ரை படம் பேப்பரில போடுவினமாம். அதைக் கேஸ் பாக்கிறவங்கள் பாத்தா?"

"நான் எங்கையப்பா வெல்லப்போறன்."

"வெண்டிட்டால்?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் நான் பார்த்தேன். 'வெண்டிட்டால்' என்ற சொல்லுக்கு அவள் வாயோரம் மெல்லச் சிரித்தது.

எனக்கோ அந்தச் சொல் விட்டுப் போகவில்லை. பேப்பரில் படம் வரும், வகுப்புக்குள் பொலிஸ் வரும், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அப்படியே விமானத்தில் ஏற்றுவார்கள். கணக்குப் பாடத்தில்கூட அதைத்தான் யோசித்தேன்.

போட்டிக்கு ஐந்து வெடி. படச்சுருள் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் குப்பிகள் ஐந்தில் அம்மா மருந்தை அளந்து நிரப்பிச் சமையலறை மேசையில் வைத்திருந்தாள். போட்டியன்று காலை அவள் குளிக்கப் போன நேரம் ஒன்றைத் திறந்தேன். கறுப்புப் பொடிமணிகள். தொட்டிக்குள் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெறும் குப்பியை வைத்தால் தெரிந்துவிடும். கறுப்பாக, மணிமணியாக வீட்டில் வேறென்ன இருக்கிறது? கடுகுப் போத்தலை எடுத்துக் குப்பியை நிரப்பினேன். இரண்டாவது குப்பியில் கை வைத்தபோது குளியலறைக் கதவு திறந்தது. ஐந்தையும் அம்மாவின் பைக்குள் அள்ளிப் போட்டேன். எது கடுகு என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

பியர்போன் என்ற புறநகர் தாண்டி, ஆற்றையும் கடந்து, வயல்களின் நடுவே இருந்தது சுடும் இடம். பனி கரைந்து சேறாகக் கிடந்தது. கயிற்றுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளோடு காதுமூடி போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா குளிர்ச்சட்டையோடு பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மற்றக் கையை நீட்டினாள். பஸ்ஸில் குனிந்தே இருக்கும் அம்மா அவ்வளவு உயரம் என்று அன்றுதான் கண்டேன்.

முதல் குப்பி வெடித்தது. வெள்ளைப் புகைக்குள் அம்மா மறைந்து மறுபடி வந்தாள். இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதும். ஒவ்வொரு முறையும் அவசரமேயில்லாமல் குழலைத் துடைத்து, மருந்து கொட்டி, சீலை வைத்து, இடித்தாள். நாலாவது வெடிக்கும் அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள்தான் ஓட்டை.

பக்கத்தில் நின்ற தாடிக்காரர், "செசாம், எங்களுக்கும் ஏதாவது மிச்சம் வை" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் ஒன்று உள்ளே விழுந்தால் அம்மா வென்றுவிடுவாள் என்று மதாம் என் தோளை நசுக்கினார்.

ஐந்தாவது குப்பியைத் திறந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி குழல் பக்கம் திரும்பிக் குப்பியைக் கவிழ்த்தாள். சீலை. குண்டு. இடி. கையை நீட்டினாள்.

டக்.

கையை இறக்காமல் காத்திருந்து, புதுத் தொப்பி செருகி மறுபடி விசையை இழுத்தாள். டக். அவ்வளவுதான். நேரம் முடிந்தது என்று விசில் ஊதினார்கள்.

அம்மா எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, திருகாணிக் கோலால் குண்டை வெளியே இழுத்தாள். குழலை உள்ளங்கையில் தட்டினாள். கையைச் சட்டைப் பைக்குள் விட்டாள். குளிர் என்று நினைத்தேன். பிறகு திரும்பித் தன் நாலு சொல் பிரெஞ்சில், "பூத்ர... உப்ளியே" என்றாள். மருந்து போட மறந்துபோனாளாம்.

சிரிப்பு வயலெல்லாம் கேட்டது. மருந்தில்லாமல் குண்டு இறக்கியவர் கழுத்தில் மாட்டு மணியைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் சூப் பரிமாற வேண்டும் என்பது அந்தக் கழகத்து வழக்கம். தாடிக்காரரே மணியைக் கட்டிவிட்டார். அம்மாவும் சிரித்தாள். மணி கிணுகிணுக்க என்னிடம் வந்து, "பிள்ளை, குடி. ஆறப்போகுது" என்று பட்டாணி சூப்பை நீட்டினாள்.

வீட்டில் அப்பா, "என்ன?" என்றார். "தோத்துப்போனன்." அப்பா அன்று இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். அம்மா கொதிதண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் துப்பாக்கியைக் கழுவி, எண்ணெய் பூசி, கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கீழே போகவில்லை. முதுகு வலி என்றாள். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் எங்கள் கேஸ் சரிவந்தது. மதாம் வீட்டை விற்று மகளோடு போனபோது மரப்பெட்டியும் போனது.

பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவின் தொழிற்சாலைக்கே போனேன். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷின். அந்தக் குப்பியைப் பற்றி நான் ஒருநாளும் கேட்கவில்லை. அம்மா இறந்தபின் கேஸ் கடதாசிகள் இருந்த கோப்பைத் திறந்தேன். எங்களை ஏற்றுக்கொண்ட கடிதத்துக்குக் கீழே நாலாக மடித்த அட்டை ஒன்று. கறுப்பு வட்டத்துக்குள் நாலு ஓட்டை.

கடுகைத் தொட்டே பழசு புதுசு சொல்லும் கை அம்மாவுடையது. அன்று மதாமின் தோளில் கருமருந்து வைக்கும் மாட்டுக்கொம்பு நிறைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு சொல் கேட்டிருந்தால் புது மருந்து கிடைத்திருக்கும். அந்த ஐந்தாவது வெடிச்சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று இப்போது எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்றைக்கு, குப்பியைத் திறந்து குனிந்து நின்றவள் வெல்லவேண்டும் என்று கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கடவுள் என் வேண்டுதலைத்தான் கேட்டுவிட்டார் என்ற சந்தோசத்தில், மணிச்சத்தத்தைக் கேட்டபடி இன்னொரு கோப்பை சூப்பும் வாங்கிக் குடித்தேன்.