ஜப்தி அத்தானும் இரண்டு சதவீத வட்டியும்

என் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் ஜப்தி. வங்கியில் வாராக்கடன் பிரிவில் முப்பது வருஷம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினாலே உள்ளே மிக்ஸியை ஒளித்து வைப்பார்கள். எனக்கு அத்தான்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட நோட்டீஸ் மாதிரி நீட்டிய மனுஷன்.

ஓய்வு பெற்றதும் ஓர் அறக்கட்டளை அவரை வேலைக்குக் கூப்பிட்டது. அதுவரை நன்கொடை மட்டும் கொடுத்த இடம். கொடுத்த பணம் போனது போனதுதான். இனி நாலு பேருக்கு உபயோகமான தொழில்களுக்கு இரண்டு சதவீத வட்டியில் கடன் தருவோம், திரும்பி வந்தால் அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றார் தலைவியம்மா.

"வெளியில பன்னெண்டு வாங்குறாங்கம்மா! நமக்கென்ன தலையெழுத்து?" என்று அத்தான் குதித்தார்.

"லாபம்தான் வேணும்னா நான் வட்டிக்கடை வெச்சிருப்பேனே."

அத்தான் பத்திரம் எழுத உட்கார்ந்தார்.

முதல் கடன், சக்கர நாற்காலிகள் செய்து பாதி விலைக்கு விற்கும் ஒரு பெண்ணுக்கு. அவள் வாடகைக்கு இருந்த பட்டறைக் கட்டடம் விலைக்கு வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் அவளே வாங்காவிட்டால் காலி செய்ய வேண்டும். வங்கிகள் கையை விரித்துவிட்டன. அத்தானுக்குக் கார் ஓட்டிப்போன நானும் பட்டறைக்குள் நுழைந்தேன்.

அவரைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்கப்பாவோட லேத் மெஷினைத் தூக்கிட்டுப் போனவர்தானே நீங்க? ரெண்டு சதவீதமா? இதுல என்ன வில்லங்கம்?"

"ஒரு வில்லங்கமும் இல்லம்மா, படிச்சுப் பாருங்க" என்று பத்திரத்தை நீட்டினார்.

எட்டாவது பத்தியில் நிறுத்தி, உரக்கப் படித்தாள்: "தவணை தவறினால் இயந்திரங்கள் முன்னறிவிப்பின்றி ஜப்தி செய்யப்படும்."

அட பாவி மனுஷா! வங்கியின் பழைய படிவத்தை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்!

"எடுத்துட்டுப் போங்க. பட்டறை போனாலும் பரவாயில்ல."

அத்தான் உடனே தலைவியம்மாவுக்குப் போன் போட்டார். "அதை முதல்ல அடிங்க. கட்ட முடியலைன்னா தவணையை நீட்டிக்கலாம், பட்டறை ஓடணும்" என்றார் அந்தம்மா. அத்தான் அந்தப் பத்தியை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. "அன்னைக்கு எங்கப்பா உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு."

அத்தான் வங்கிச் சட்டம் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா. நான் உதறிட்டேன். மன்னிச்சிடும்மா."

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் என் அக்கா காதில் விழாத வார்த்தை அது.

அவள் கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "தவணையை மாசாமாசம் நானே கொண்டுவந்து கட்டிடறேன். நீங்க மட்டும் இங்க வராதீங்க."