பாஞ்சாலை தண்ணீர் குடித்த கதை

அக்னி நட்சத்திரம் என்று காலண்டரில் பார்த்துவிட்டுக் குடை தேடுகிறவர்கள் மரக்காணத்து உப்பளத்தில் ஒரு மே மாதம் நின்று பார்க்க வேண்டும். மேலே இருந்து வெயில் அடிக்கும். கீழே உப்பு அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். பாஞ்சாலை இருபத்தாறு வருஷம் அதில் கூடை சுமந்தவள். புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை, தலையில் துண்டு, காலில் ஓட்டை விழுந்த சாக்ஸ். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாத்தியில் இறங்கினால் பகல் ஒரு மணி வரை, வாரிப் போட்ட உப்பைக் கூடையில் அள்ளி வரப்பேறி அம்பாரத்தில் கொட்ட வேண்டும். வெயிலைப் பற்றி யாராவது புலம்பினால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். "வெயிலுன்னா அடிக்கத்தான் செய்யும். பனியா கொட்டும்?" என்பாள்.

அவள் மகன் வேல்முருகன் ஏசி மெக்கானிக். கோட்டக்குப்பத்தில் துபாய்க் காசில் எழும்பிய மாடி வீடுகளுக்கெல்லாம் குளிர் வைத்துக் கொடுப்பவன். அவன் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் கடகடவென்று ஆடும் ஒரு டேபிள் ஃபேனும்தான். அதற்காகப் பாஞ்சாலை வருத்தப்பட்டது கிடையாது.

அவளுக்கு வருத்தம் வந்தது வேறு காரணத்தால். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுடைய ஓரகத்தி ஆராயி, கொழுந்தனார் பெண்டாட்டி, இந்த வருஷம்தான் உப்பளத்துக்கு வந்தாள். அதுவரை மணிலாக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தவள். முதல் நாள் காலையில் இரண்டு லிட்டர் பாட்டிலோடு வந்து நின்றாள். பாஞ்சாலை அதைப் பிடுங்கித் தகர ஷெட்டில் வைத்தாள்.

"காலைல ஒரு சொம்பு குடிச்சிட்டு வந்தியா? அதோட வூட்டுக்குப் போயித்தான். நடுவுல நாக்கு வறண்டா வாயக் கொப்புளிச்சித் துப்பிடு. முழுங்காத."

"ஏங்க்கா?"

"ஒதுங்க எங்கடி போவ?"

ஆராயி சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டு மாதிரி உப்புப் பாத்தி. ஒரு செடி இல்லை, ஒரு சுவர் இல்லை. பக்கத்திலேயே ஈசிஆர் ரோடு. பஸ் போகிறது. கார்க்காரர்கள் இறங்கி உப்புக் குவியல் முன்னால் போட்டோ எடுக்கிறார்கள். ஆம்பிளைகள் கால்வாய்க் கரையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடுவார்கள். பொம்பளைகள் பன்னிரண்டு பேரும் அடக்கிக்கொள்வார்கள். தண்ணீர் குடித்தால் ஒரு மணி வரை அடக்க முடியாது என்பதால் குடிக்க மாட்டார்கள். அது அங்கே பழக்கம். பழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. பாஞ்சாலையும் கேட்டதில்லை.

மே மாதம் பாதியில் ஒருநாள், பத்தரை மணி இருக்கும், வரப்பில் ஏறிய ஆராயி கூடையோடு சாய்ந்தாள். வியர்வை நின்று போய் உடம்பு அடுப்புச் சட்டி மாதிரி கொதித்தது. பாஞ்சாலை அவளை இரண்டு கையாலும் வாரித் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஆபீசுக்கு ஓடினாள்.

ஆபீஸ் என்பது ரோட்டோரம் ஒரே ஒரு அறை. உப்பளம் முழுவதற்கும் அதில்தான் ஒரு ஏசி. அதை ஒட்டி உள்ளேயே ஒரு கக்கூஸ். அதன் சாவி மேஸ்திரி கன்னியப்பனின் இடுப்பில் இருக்கும்.

"ஏம்மா, ஏம்மா, உப்புக் காலோட உள்ள வராதீங்க! புது டைல்ஸ்!" என்று எழுந்தார் கன்னியப்பன்.

"தள்ளுங்க மேஸ்திரி" என்றாள் பாஞ்சாலை. அவர் தள்ளவில்லை. தோளில் ஆராயியோடு அவரை இடித்துக்கொண்டு உள்ளே போய், டைல்ஸ் மேலேயே அவளைக் கிடத்தி, மேஜை மேல் இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி அவள் தலையிலிருந்து கால்வரை கவிழ்த்தாள். "இப்ப ஆம்புலன்சுக்கு போன் போடுங்க. அப்பாலிக்கா டைல்ஸ தொடைச்சிக்கலாம்."

ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஆராயி கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "காலையில இருந்து எவ்ளோ தண்ணி குடிச்சாங்க?"

"விடியக்காலைல ஒரு சொம்பு" என்றாள் பாஞ்சாலை.

"இந்த வெயில்ல தண்ணி குடிக்காம வேலை செய்யச் சொன்னது யாரு? இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா ஆளே இல்ல."

சொன்னது யார் என்று பாஞ்சாலைக்குத் தெரியும். அன்று அவள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்தபோது கூட அப்படி அழாதவள். அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது அவளுக்குக் கோபம் வந்திருந்தது. முதலில் தன் மேல், பிறகு அந்தச் சாவிக் கொத்தின் மேல்.

ஆராயி பிழைத்துக்கொண்டாள். முதலாளி புதுச்சேரியில் இருந்தபடியே பயந்துபோனார். போனில் இரண்டு உத்தரவு போட்டார். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ஆபீஸ் அறையைத் திறந்துவிட வேண்டும். தகர ஷெட்டில் கூலியாட்களுக்கு ஒரு ஏசி மாட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் ஏசி ஒரு குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. மாட்ட வந்தவன் வேல்முருகன். பாஞ்சாலை ஷெட் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கினு போடா."

"அம்மா, கம்பெனி ஆர்டர். வெளையாடாத."

"இந்தத் தகரத்துல ஏசி நிக்குமாடா? நீயே சொல்லு."

வேல்முருகன் கூரையில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தான். "நிக்காது. மத்தியானம் வோல்டேஜும் இருக்காது" என்றான் மெதுவாக. "ஆர்டர் குடுத்தாங்க, வந்துட்டேன்."

"எங்களுக்கு ஏசி வேணாம், கக்கூஸ் வேணும். ஏசில குந்திக்கினு தாகத்துல சாவறதுக்கா?"

"எல்லாரும் பாக்கறாங்கம்மா, மானத்த வாங்காத."

"மானத்தப் பத்தித்தான்டா நானும் பேசறேன்!"

அவன் ஏசியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அம்மாவோடு பேசவில்லை. கன்னியப்பன் முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: உப்பு நிலத்தில் குழி எடுத்தால் தண்ணீர் ஊறும், கக்கூஸ் எல்லாம் சரிப்படாது, ஏசி வேண்டாம் என்றால் ஒன்றும் கிடையாது.

"சரிங்க மேஸ்திரி" என்றாள் பாஞ்சாலை. இவ்வளவு சுலபமாக அவள் அடங்கியதில் அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவள் பானை நிறையத் தண்ணீரும் ஒரு சொம்பும் கொண்டுவந்தாள். ஆராயி வீட்டில் படுத்திருந்ததால் மிச்சம் பதினோரு பேர். "வேலைய நிறுத்த வேணாம். கோஷம் போட வேணாம்" என்றாள் அவர்களிடம். "தண்ணி குடிங்க. நல்லாக் குடிங்க. முட்டிக்கினு வந்துதுன்னா ஆபீசுக்குப் போங்க. உடம்பு முடியலன்னு சொல்லுங்க. மொதலாளி உத்தரவு."

உப்பளத்தில் பொம்பளைகள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது அன்றுதான். சிரிப்பும் பயமுமாகக் குடித்தார்கள். எட்டரை மணிக்கு அமுதவல்லி முதல் ஆளாக ஆபீஸ் கதவைத் தட்டினாள். கன்னியப்பன் முறைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அவள் வெளியே வருவதற்குள் செந்தமிழ் நின்றாள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள், போய்த் தண்ணீர் குடித்தார்கள், திரும்பவும் வந்தார்கள். டைல்ஸ் முழுக்க உப்புக் கால். கதவு திறந்தே கிடந்ததில் ஏசிக் குளிர் பூராவும் ஈசிஆர் ரோட்டுக்குப் போனது.

கன்னியப்பன் சுகர்க்காரர். மணிக்கு ஒருதரம் போயே தீர வேண்டும். பத்து மணிக்கு அவர் எழுந்தபோது உள்ளே ஆள் இருந்தது. வாசலில் நாலு பேர். பொம்பளைகள் வரிசையை இடித்துக்கொண்டு போக அவருக்குக் கூச்சம். கால்வாய்க் கரைக்குப் போனார். அங்கே மூன்று கார்கள், ஒரு வேன். பெங்களூரில் இருந்து வந்த கும்பல் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார். வரிசை இன்னும் நீண்டிருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். முகம் வேர்த்தது.

"ஏம்மா பாஞ்சாலை, கொஞ்சம் வழி விடச் சொல்லும்மா. எங்க போனாலும் ஆள் பாக்கறாங்க."

பாஞ்சாலை கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இருவத்தாறு வருஷம் மேஸ்திரி. நீங்க அரை மணி நேரத்துக்கே ஆடறீங்க."

யாரும் சிரிக்கவில்லை. கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பாஞ்சாலை கையைக் காட்ட, வரிசை ஒதுங்கி வழிவிட்டது. உள்ளே போய்விட்டு வந்தவர் அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டார். "சார், ஏசிய விடுங்க சார். கக்கூஸ் கட்டியே ஆவணும். குழி எடுத்து ரிங் எறக்காம மேடு கட்டிக் கட்டலாம், எனக்குத் தெரியும்" என்று அவர் கத்தியது வரப்பு வரைக்கும் கேட்டது. நேற்று வரை அது அவருக்குத் தெரியாமல் இருந்ததுதான் ஆச்சரியம். அப்படியும் முதலாளி இறங்கி வர இன்னும் இரண்டு நாளும் நாலு பானைத் தண்ணீரும் ஆயின.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம் கக்கூஸ் எழும்பியது. மேடு கட்டி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு அறை, நீலக் கலர் பிளாஸ்டிக் கதவு. தண்ணீர்க் குழாயை வேல்முருகன் வந்து மாட்டிவிட்டுப் போனான். அப்போதும் அம்மாவிடம் பேசவில்லை. ஆனால் தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

ஆராயி அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பினாள். ஷெட்டில் பானைக்குப் பக்கத்தில் நின்றவள் குடிக்காமல் ஓரகத்தியையே பார்த்தாள்.

"குடிடி" என்றாள் பாஞ்சாலை. "அன்னிக்கி வேணாம்னு சொன்னவளும் நான்தான். இன்னிக்கி சொல்றவளும் நான்தான். குடி."

"அந்த மூணு நாளும் நீ குடிச்சியாக்கா? எல்லாருக்கும் மொண்டு மொண்டு குடுத்தியாம். நீ ஒரு வாய் குடிக்கலன்னு அமுதவல்லி சொல்லிச்சி."

உண்மைதான். பாஞ்சாலை குடிக்க நினைத்தாள், தண்ணீர் தொண்டையில் இறங்க மறுத்துவிட்டது. இருபத்தாறு வருஷம் பூட்டி வைத்த தொண்டை. எல்லோரையும் எதிர்த்துக்கொண்டு நின்றவளால் அதை மட்டும் எதிர்க்க முடியவில்லை.

ஆராயி சொம்பை நீட்டினாள். பாஞ்சாலை வாங்கினாள். இரண்டாவது மிடறிலேயே அடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கழுத்தெல்லாம் வழிந்து சட்டை நனைந்தது. கண்ணில் இருந்தும் வந்தது. விடாமல் சொம்பு காலியாகும் வரை குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"இன்னொண்ணு மொண்டு குடு" என்றாள்.

மணி ஏழுதான் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போக இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.