காப்புக் கட்டிய கை

பக்கத்து வீட்டுச் சிறுமி இரவல் கொடுத்த கதைப் புத்தகத்தைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். கூடைப்பந்து ஆடும் ஒரு பெண்ணின் கதை. ஒவ்வோர் அத்தியாயமும் பந்து காற்றில் இருக்கும்போது முடிகிறது. அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியில் அது தவறாமல் வளையத்துக்குள் விழுகிறது. எனக்கு எரிச்சல் பொறுக்கவில்லை. எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். சொன்ன பேச்சைக் கேட்க பந்து என்ன நம் வீட்டுப் பிள்ளையா? நான் ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. காஜா பெராங் வட்டாரத்தில் அம்மன் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா முனிசிபலில் ரோட்டுக்குத் தார் போடும் வேலை பார்த்தார். அந்தத் தார்ப் புகைதான் அவருக்கு எமனாக வந்தது. மூச்சிழுப்பு முற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தால் திருவிழாவில் என்னைப் பால்குடம் எடுக்க வைப்பதாக அம்மா அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன். அப்பா என்றால் எனக்கு உயிர்.

அப்பா பிழைத்து வந்தார். நேர்ந்தபடி எனக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு விரலி மஞ்சள் துண்டைக் கோத்து, பூசாரி பூசித்துக் கொடுக்க, அம்மாவே என் வலது மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டாள். பால்குடம் எடுத்து முடிக்கும்வரை பத்து நாள் அது கையை விட்டு இறங்கக் கூடாது. கவிச்சி கிடையாது, மெத்தை கிடையாது, பொய் பேசக் கூடாது. அம்மன் எனக்காகவே பார்த்து வைத்ததுபோல, அந்தப் பத்து நாளுக்குள்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து இறுதி ஆட்டமும் வந்து விழுந்தது.

எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெண். மற்றவர்களெல்லாம் சீனப் பிள்ளைகள். கேப்டன் பக்கத்துத் தெங்கேராவில் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள். வாயைத் திறந்தால் அதட்டல்தான். என் உயரத்துக்காக என்னைச் சேர்த்தாள், பிறகு என்னை விட்டால் அவளுக்கு ஆளில்லை.

"இந்த வாரம் போகாதடி," என்றாள் அம்மா.

"போவட்டும் விடு. அம்மனுக்கும் பந்துக்கும் என்ன சண்டை?" என்று அப்பா கட்டிலில் இருந்தே எனக்காகப் பேசினார். பேசி முடித்ததும் இருமினார்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "போ. ஆனா இது பத்திரம். இது நூலு இல்ல, உங்கப்பா உசுரு. ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் இல்லாமலா? ஆட்டம் தொடங்கியதிலிருந்து என் கண் பாதி பந்தில், பாதி மணிக்கட்டில் இருந்தது. அப்படியும் நன்றாகத்தான் ஆடினேன். பிற்பாதியில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கி இருந்தோம். பந்துக்காக நானும் எதிரணிப் பெண் ஒருத்தியும் ஒன்றாக எம்பினோம். இறங்கும்போது அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கத்தினாள். என் காப்பில் இருந்த மஞ்சள் துண்டு கீறிவிட்டது. இரண்டு சொட்டு ரத்தம்.

நடுவர் விசில் ஊதி என் கையைத் தூக்கிப் பார்த்தார். வளையல், கடிகாரம், எதுவும் கையில் இருக்கக் கூடாது என்பது சட்டம். கழற்று, இல்லையென்றால் வெளியே போய் உட்கார் என்றார். இது சாமி காரியம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். கேப்டன் மருந்துப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "செப்பாட் லா, சீக்கிரம்! ரெண்டு நிமிஷந்தான் இருக்கு!" என்று மலாயும் தமிழும் கலந்து என்னை விரட்டினாள். என்னோடு சேர்ந்து நாலைந்து தமிழ் வார்த்தை அவளுக்கு வந்திருந்தது. அதை அன்றைக்குத்தானா எடுக்க வேண்டும், பாவி!

முடிச்சுகள் வியர்வையில் இறுகிக் கிடந்தன. நகத்தால் நோண்டினேன், பல்லால் இழுத்தேன். அசையவில்லை. மற்ற நாலு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே உட்கார்ந்திருக்கலாம். ஒரு சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஆட வேண்டும். அவ்வளவுதான், வேறு நியாயம் எதுவும் கிடையாது. கையை நீட்டினேன். அவள் ஒரே வெட்டில் வெட்டினாள்.

கடைசிப் பந்து என் கைக்கே வந்தது. எறிந்தேன். வளையத்தின் மேல் ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, பிறகு வெளிப்பக்கமாக விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

வீட்டுக்கு ஓடி, பின்கட்டில் உட்கார்ந்து காப்பை மறுபடி கட்டப் பார்த்தேன். வெட்டுப்பட்ட நூல் எட்டவில்லை. அம்மாவின் தையல் பெட்டியில் இருந்து வெள்ளை நூல் எடுத்து ஒட்டுப் போட்டு, அதன் மேல் மஞ்சள் பொடியைக் குழைத்துத் தேய்த்தேன். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலமே அப்பாவுக்கு இழுப்பு வந்தது. அவர் மூச்சுக்காக நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டார். நான்தான் செய்தேன், என் கைதான் செய்தது என்று ஓடிப் போய்க் கத்த வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை கோயிலுக்குப் போய்த் திரும்பிய அம்மாவின் கையிலும் ஒரு காப்பு இருந்தது. தானும் பால்குடம் எடுக்கப் போவதாகச் சொன்னாள். அப்பாவுக்கு வந்த இழுப்பைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அதன் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. அப்பா செருமினால்கூட எழுந்து போய்ப் பார்த்தேன். விரதத்தில் குற்றம் இருந்தால் குடத்துப் பால் திரிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அப்பா பிழைப்பாரா இல்லையா என்பதை அந்தப் பால் சொல்லிவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

திருவிழாவன்று தெங்கேரா கடற்கரையில் இருந்து நடந்தோம். குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார்கள். உள்ளே என்ன ஆகிறது என்று தெரியாது. வெயில் உச்சியில் ஏற ஏற, புளித்த வாடை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனேன். அப்பா போட்ட தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. எங்கள் தெருச் சிட்டி அக்கா, மலாய்க்காரிகளைப்போல் சாரோங் கெபாயா உடுத்தி மலாய் பேசும் பழைய தமிழ்க் குடியைச் சேர்ந்தவள், வாளியோடு நின்று வருகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினாள். "பானாஸ், பானாஸ், கால் சுடும்," என்று என் காலில் இரண்டு தரம் ஊற்றினாள். நான் அழுதேன். வெயிலுக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

சன்னதியில் பூசாரி என் குடத்துத் துணியை அவிழ்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பால் விழும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தேன். எல்லாருடைய பாலையும்போல வெள்ளையாகத்தான் வழிந்தது. வாசலில் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமாமல் நின்றார். தப்பித்தேன்டா சாமி என்று கும்பிட்டேன்.

காப்பு அவிழ்க்க அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் தன் காப்பை அவிழ்த்தாள். பிறகு என் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"இந்த வெள்ளை நூலு என் பெட்டியிலதுதானே?"

கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"அன்னிக்கு நீ வந்து நின்னப்பவே தெரியும். நான் போட்டது மூணு முடிச்சு. நீ போட்டிருந்தது செருப்பு வாருக்குப் போடற முடிச்சு. உன்னுது அறுந்து போச்சேன்னுதான் நான் கட்டிக்கிட்டேன். அம்மனுக்கு ஒரு காப்பாவது முழுசா இருக்கணும்ல?"

இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன்: மஞ்சள் துண்டு, ரத்தம், கத்தரிக்கோல், எல்லாம். அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"சரி. ஜெயிச்சீங்களா?"

"இல்லம்மா. ஒரு பாயிண்ட்ல போச்சு. கடைசிப் பந்து நான்தான் போட்டேன். உள்ள விழல."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை.

"அடி சனியனே! உங்கப்பன் உசுர அறுத்துட்டுப் போய் ஆடுனியே, அந்தப் பந்த உள்ள போட்டுட்டாவது வந்திருக்கக் கூடாதா?"