மச்சான் எடுத்த முதல் லீவு

துனிசியாவில் எங்கள் நாபில் ஊரில், நானும் வேலை செய்யும் மிளகாய் விழுது ஆலையில், டின்னுக்கு மூடி போடும் இயந்திரத்தில் நிற்பவர் என் அக்கா புருஷன் ஹஷ்மி. வளைகுடாவில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து திரும்பி இங்கே சேர்ந்தார். அங்கே வாங்கியதில் கால் பங்குதான் இங்கே சம்பளம். அதை ஒரு நாளும் எங்களை மறக்கவிட்டதில்லை.

"இருமலுக்கெல்லாம் லீவு போடுறீங்களே, வெக்கமா இல்ல? அங்க நான் ஒரு நாள் படுத்ததில்ல," என்பார், இடைவேளையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"அதான் மச்சான், உங்களுக்கு ரெண்டு மாடி வீடு, எங்களுக்கு இருமல்," என்பேன், மச்சினிச்சி என்ற உரிமையில்.

அந்த இரண்டு மாடியும் அங்கத்திய பணம்தான். இல்லையென்று சொல்ல முடியாது.

செப்டம்பரில் மிளகாய் லாரிகள் வரிசைகட்டிய வாரம், அக்கா மப்ரூகா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். மச்சானுக்கு நான்கு மாதமாகக் குடலிறக்கமாம். அடிவயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாராம்.

"வெளிய சொல்லாத, அனுப்பிடுவாங்கங்கிறாருடி. எங்க அனுப்புவாங்க, நாம நம்ம ஊர்லதானே இருக்கோம்னு கேட்டேன். துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டாரு."

வளைகுடாவில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் முதுகுவலி என்று படுத்தாராம். பத்தாம் நாள் கையில் விமான டிக்கெட். அந்த ஆளுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்ததே மச்சான்தானாம்.

மறுநாள் காலை, பணியாளர் பிரிவு ராதியா மேடத்திடம் நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். சீசன் நேரம். ஆலைக்காரர்களும் தேவதூதர்கள் இல்லை. ஐம்பத்தொரு வயதில் வேலை போனால் வேறு யார் கொடுப்பார்கள்?

பதினோரு மணிக்கு மேடம் ஆள்விட்டுக் கூப்பிட்டார். மச்சான் முதலில் தன் அலமாரியைக் காலி செய்தார். செருப்பு, சோப்பு, தேநீர் கிளாஸ் எல்லாம் ஒரு பைக்குள் போயின. என்னைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்த்தார். பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"என்ன ஹஷ்மி அண்ணே, பையோட? கடற்கரைக்கா?"

"கணக்கை முடிச்சிருங்க மேடம். நானே போயிடறேன்."

"யாரு முடிக்கச் சொன்னா? உட்காருங்க. இந்தத் தாள்ல டாக்டர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கு காப்பீட்டு நிதியில இருந்து வரும். ஆபரேஷன் செலவுக்கு உங்க காப்பீட்டு அட்டை இருக்கு. மாசாமாசம் பிடிக்கிறோமே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"வரின்னு நினைச்சேன்."

"நல்லா நினைச்சீங்க போங்க."

"ஒரு வாரத்துல வந்துடறேன் மேடம்."

"டாக்டர் எத்தனை வாரம் எழுதுறாரோ அத்தனை வாரம்."

"அதுவரைக்கும் மெஷின்ல யாரு?"

"யாரோ ஒருத்தர்."

"அவரு என்னைவிட நல்லா ஓட்டிட்டா?"

"ஓட்டட்டுமே. நீங்க வந்ததும் அவரு விலகிடுவாரு. படுத்த ஆளை நீக்கினேன்னு வைங்க, சங்கத்துக்காரங்க என்னைப் பொரிச்சுத் தின்னுடுவாங்க."

மச்சான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். முன்பக்கம் முடிந்து, வெறுமையாக இருந்த பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பையை மெல்லத் தரையில் வைத்தார். பிறகு, நாங்கள் இருவரும் பார்க்க, அடிவயிற்றில் கையை வைத்து நாற்காலியில் சாய்ந்தார்.

"வலிக்குது மேடம்," என்றார். "ரொம்ப வலிக்குது."