பொன்னியம்மாளுக்கு வந்த மணியார்டர்

என் தங்கை பொன்னியம்மாளுக்கு அரசாங்கம் மாதம் இருபது ரூபாய் கொடுத்தது. அதை நிறுத்தியவன் நான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் திருப்புட்குழி. அப்பாதுரை என்று என் பெயரைச் சொன்னால் ஊரில் தெரியும், ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு பத்து ஏக்கர்க்காரன் மாதிரி நடப்பவன் என்று தெரியும். பொன்னியைச் சின்ன காஞ்சிபுரத்தில் பரசுராமனுக்குக் கொடுத்தோம். தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் அவனுக்குச் சின்னக் கடை. டீத்தூள், சர்க்கரை, பீடி, தீப்பெட்டி, சீயக்காய். நல்ல மனுஷன். எழுபத்து நாலாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து பதினொரு நாளில் போய்விட்டான். அப்போது மூத்தவள் காந்தாவுக்குப் பதினொரு வயது, சின்னவள் லோகாம்பாளுக்கு நாலு.

காரியமெல்லாம் முடிந்து பொன்னி கடையைத் திறந்தாள். காலையில் ஒருத்தரும் வரவில்லை. அந்தத் தெருவில் காலை வியாபாரம்தான் வியாபாரம். விடிந்ததும் தறிக்குப் போகிற நீள நூலை, அதுதான் பாவு, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். தறியில் புதுப் பாவு ஏற்றுகிற வீட்டில் கற்பூரம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் எல்லாம் வாங்குவார்கள். தாலி இழந்தவள் கையால் யார் அதை வாங்குவது? இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று பயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நான் கிணற்றுக்குப் பூஜை போட்ட அன்று கூடப் பிறந்தவளைக் கூப்பிடாதவன் நான்.

பொன்னி அழுதுகொண்டு உட்காரவில்லை. காலையில் காந்தாவைக் கடையில் நிறுத்தினாள், தான் உள்ளே இருந்துகொண்டாள். பத்து மணிக்கு மேல் வந்து கேட்பவர்களுக்குத் தானே கொடுத்தாள். வியாபாரம் திரும்பி வந்தது. ஆனால் பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு. காந்தா தினமும் தாமதமாகப் போய் வகுப்புக்கு வெளியே நின்றாள். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் போகாமலே இருந்தாள்.

ஆதரவில்லாத கைம்பெண்களுக்கு அரசாங்கத்தில் மாதாமாதம் பணம் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் வந்து சொன்னாள். அவளே மனு எழுத ஆள் பிடித்துக் கொடுத்தாள். நாலைந்து முறை நடந்து, எழுபத்தாறு தையில் முதல் மணியார்டர் வந்தது. பொன்னி கைநாட்டு வைத்து வாங்கினாள்.

இருபது ரூபாய் என்ன பெரிய பணமா என்று எனக்கே இளக்காரம்தான். அதை வைத்து அவள் செய்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். காலையில் கடை திறப்பதையே நிறுத்திவிட்டாள். அந்த நாலு மணி நேரத்தில் போகிற லாபத்துக்கு இந்த இருபது ரூபாய் ஈடாயிற்று. பத்து மணிக்குத் திறப்பாள், மஞ்சளும் கற்பூரமும் வைக்க மாட்டாள். அதற்குப் பதில் டீத்தூளை மொத்தமாக வாங்கிப் பொட்டலம் கட்டினாள். மத்தியானம் தறியை விட்டு எழுந்து வருகிறவர்களுக்கு வேர்க்கடலை உருண்டை பிடித்து வைத்தாள். காந்தா இரட்டைப் பின்னலோடு ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுவாள். எட்டாம் வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல் என்று பொன்னி எனக்குச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அடுத்த வருஷம் மாசியில் ஒரு நாள் கேழ்வரகு கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பணம் வாங்குகிறவர்களை விசாரித்துப் போக அன்றைக்கென்று பார்த்து வருவாய் ஆய்வாளர் வந்து நின்றார். தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"உனக்கு ஆதரவா யாராவது இருக்காங்களாம்மா?" என்று பொன்னியைக் கேட்டார்.

"யாரும் இல்லீங்க சார்."

நான் அங்கேதான் நிற்கிறேன். அத்தனை பேர் காதுபட யாரும் இல்லை என்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேப்பருக்காகச் சொல்கிறாள் என்று யோசிக்க வேண்டிய மூளை அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது.

"யாரும் இல்லாம இன்னா சார்? கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன் இருக்கேன். இவங்க மூணு பேரையும் நான்தான் பாத்துக்கினு இருக்கேன்."

"நீங்களா பாத்துக்கறீங்க?"

"வேற யாரு பாப்பாங்க?"

அவர் எழுதினார். கையெழுத்துக் கேட்டார். இன்ஷியலோடு முழுப் பெயரும் போட்டுக் கொடுத்தேன். தெருவில் இருந்த பெரியவர் திருஞானசம்பந்தம், "அண்ணன்னா இப்டிதான்பா இருக்கணும்" என்றார். எனக்கு மார்பு விரிந்தது. பொன்னி என்னைப் பார்த்தாள்.

சித்திரையோடு மணியார்டர் நின்றது.

நான் கொடுத்தேன். முதல் மாதம் இருபது. அடுத்த மாதம் பன்னிரண்டு. மூன்றாம் மாதம் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று என்று சொல்லியனுப்பினேன். அது உண்மைதான், ஆனால் மோட்டார் சரியான பிறகும் நான் போகவில்லை. பெண்டாட்டி தடுத்தாள் என்று சொன்னால் நம்புவீர்கள், எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். அவள் இரண்டு முறை கேட்டாள், "பொன்னிக்கு அனுப்புனியா?" என்று. நான்தான் முறைத்தேன்.

அந்த ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தபோது காந்தா ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை. மறுபடியும் விடிகாலையில் கடை திறந்தது, அவள் நின்றாள்.

பொன்னி ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டாள். பஸ் ஏறித் திருப்புட்குழிக்கு வந்து, களத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம் நேராக வந்தாள்.

"அண்ணா, ஆபீசுல போயி கேட்டேன். நீ ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தா திரும்பவும் வருமாம்."

"இன்னான்னு எழுதணும்?"

"நீ எங்களப் பாத்துக்கலன்னு."

"அப்டி எழுதிக் குடுக்க நான் இன்னா செத்தா பூட்டேன்? நாளைக்கு நாலு பேரு மூஞ்சில முழிக்க வேணாமா?"

அவள் தொட்டியில் கையும் காலும் கழுவிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாப்பிட்டுப் போ என்றுகூட நான் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே வெறுப்பு வருகிறது.

எழுபத்தெட்டு ஐப்பசியில் காந்தா வயதுக்கு வந்தாள். தாய்மாமன் சீர் என் உரிமை. கடன் வாங்கினேன். பதினொரு தட்டு, பட்டுப் பாவாடை, மேளம், எல்லாம் வைத்துத் தெருமுனையிலிருந்து நடந்து போனேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பொன்னி மட்டும் சமையலறைக் கதவோரம் ஒதுங்கி நின்றாள், நல்ல காரியத்தில் அவள் முன்னால் வரக்கூடாது.

எல்லோரும் போன பிறகு கேட்டாள், "எவ்ளோண்ணா ஆச்சு?"

"முன்னூத்தி அறுபது" என்றேன், பெருமையாக.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "ஒன்றர வருஷத்துப் பணம்" என்றாள். பணம் நின்று சரியாக ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போனேன். "என் தங்கைக்கும் அவள் குழந்தைகளுக்கும் நான் எந்த உதவியும் செய்வதில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எதுய்யா நெசம்?" என்றார். இரண்டாவதுதான் என்றேன். அங்கே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று வெளியே வந்து நின்றேன்.

அடுத்த ஆனியில் பணம் திரும்பவும் வந்தது. பொன்னி காலைக் கடையை மூடினாள். லோகாம்பாளுக்குப் புதுப் பை வாங்கினாள். நான் காந்தாவிடம் போய், நீயும் ஒன்பதாவதில் சேரு, நானே கூட வந்து ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசுகிறேன் என்றேன்.

"வேணாம் மாமா. என் செட்டுப் பொண்ணுங்கல்லாம் மேல பூட்டாங்க. சின்னப் பசங்களோட போயி உக்கார வெக்கமா இருக்குது. லோகா படிக்கட்டும்."

"எம்மேல கோவமா?"

அவள் சர்க்கரைப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "கோவம்லாம் இல்ல மாமா. அன்னிக்கு நீ ஆபீசர்கிட்ட சொல்லிக்கினு இருந்தப்ப நான் உள்ளதான் இருந்தேன். நெசம்னு நெனச்சிட்டேன். மறுநாளு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்க மாமா எங்களப் பாத்துக்குறாருன்னு."

பதினாறு வயதுப் பெண். குத்திக் காட்டச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.